நேத்து எங்கீங்க போனீங்க?

சேலத்தில் பழைய வண்டி பார்த்துச் சொல்லும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏழெட்டுப் பேர் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள், முறுக்கு தின்றீர்கள், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க ஆள் வந்தால் பெட்ரோல் எடுக்கச் சொல்வதா, டீசல் எடுக்கச் சொல்வதா? அதுவும் ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றீர்கள். நான் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். ஒரு காலத்தில் என்னிடம் அந்த ஒரு வார்த்தைப் பதில் இருந்தது. இருபத்தைந்து வருஷம் அதை வைத்தே பிழைப்பு நடத்தினேன். அது என் வாயை விட்டுப் போன கதையை எழுதித் தருகிறேன், சாவகாசமாகப் படியுங்கள்.

அந்த வார்த்தை டீசல். நான் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் பட்டறையில் தொழில் கற்றவன். போர்வெல் போடும் லாரிக்குத்தான் எங்கள் பக்கம் ரிக் என்று பெயர். மேலே நிற்கும் கம்ப்ரசர் டீசல், அதைச் சுமக்கும் லாரி டீசல், கூடவே ஓடும் சப்போர்ட் வண்டியும் டீசல். வேலை முடிந்து தட்டில் கை வைத்தால் சோறும் டீசல் மணக்கும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், வாசலில் டீசல் வண்டி நின்றால் அந்த வீட்டைப் பற்றி அதற்குமேல் அதிகம் விசாரிக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த காது என்னுடையது. கடகடவென்று சத்தம் வந்தால்தான் இஞ்சின் உயிரோடு இருக்கிறது என்று நம்புவேன்.

பட்டறையில் எனக்குத் தொழில் காட்டியவர் ஒரு ஃபிட்டர். பெயரைப் போட்டால் இந்த வயசிலும் போன் போட்டுத் திட்டுவார், அதனால் வேண்டாம். வண்டி பார்க்கப் போன இடத்தில் அவர் முதலில் வண்டியைப் பார்க்கமாட்டார். அதை ஓட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். "நேத்து எங்கீங்க போனீங்க?" என்று ஆரம்பிப்பார். பேச்சு முந்தாநாள், அதற்கு முந்தினநாள் என்று நீளும். நான் வண்டிக்கு அடியில் படுத்துப் புழுதியும் எண்ணெயுமாக எழுந்து வருவேன், அவர் இரண்டாவது டீயில் இருப்பார். மனுஷன் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தனியாகத் தொழிலுக்கு வந்தபோது அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், அந்தக் கேள்வியை மட்டும் டீக்கடையிலேயே விட்டுவிட்டேன்.

நான் வேலையை நிறுத்துவதற்கு ஒரு வருஷம் முன்னால் சென்னியப்பன் கூப்பிட்டார். பரமத்தி பக்கம் இரண்டு ரிக்குக்குச் சொந்தக்காரர், எனக்குப் பழைய பழக்கம். அவருடைய மருமகள் யமுனா மாட்டு டாக்டர், ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறவர். அந்த மருமகளுக்கு ஜீப்பு வேண்டும் என்றார். எந்தக் கம்பெனி வண்டியானாலும், நாலு சக்கரமும் இழுத்தால் எங்களுக்கு அது ஜீப்புதான்.

எதற்கு ஜீப்பு என்பதை டாக்டரே சொன்னார். அதற்கு முந்தின ஐப்பசி மழையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் பாவாயி என்ற அம்மாவின் மாடு கன்று ஈன முடியாமல் தவித்திருக்கிறது. போன் வந்ததும் டாக்டர் கிளம்பியிருக்கிறார். வண்டித்தடம் முழுக்கச் சேறு. பாதி வழியில் ஸ்கூட்டர் புதைந்துவிட்டது. மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்வதற்குள் மாடும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது. பாவாயிக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான்.

"அந்தம்மா என்னைய ஒரு வார்த்த சொல்லலீங்ணா. கைகால் கழுவத் தண்ணி குடுத்து, டீ வெச்சுக் குடுத்தாங்க. அதுதான் தாங்கல. அடுத்த மழைக்குக் கண்டிப்பா வந்துருவேன்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க. இப்ப கடன உடன வாங்கி இன்னொரு மாடு புடிச்சிருக்காங்க, அதுவும் செனை. ஜீப்பு ஒண்ணு சரியா அமைஞ்சா நான் இந்த வேலைல இருப்பேன். இல்லீன்னா தீவனக் கம்பெனில கூப்படறாங்க, போய் ஏசி ரூம்ல உக்காந்துக்கறேன். மறுக்கா அந்தச் சேத்துல அப்படி நிக்க என்னால ஆகாதுங்ணா."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, தலையைக் குனிந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  இத்தனை நாள் வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன், பெரும்பாலும் மைத்துனன் வாங்கிவிட்டான் என்பதற்காக வாங்குகிற கூட்டம். ஒரு வண்டியை நம்பி ஒருத்தர் தொழிலில் நிற்பதா போவதா என்று இருந்தது அதுதான் முதல் தடவை. உடனே நெஞ்சை நிமிர்த்தி வாக்குக் கொடுத்தேன்.

"நீங்க கவலய விடுங்க டாக்டரம்மா. நல்ல டீசல் ஜீப்பாப் பாத்துப்புடலாம்."

"அப்படிச் சொல்லுங்க மேஸ்திரி," என்றார் சென்னியப்பன். "பெட்ரோலுங்கறது ஸ்கூட்டருக்கு ஊத்தறது. ஸ்கூட்டரு குடிக்கறதையே ஜீப்பும் குடிச்சா அப்புறம் ஜீப்புக்கு என்னுங்க மரியாத?"

விசாரித்ததில் தோதாக இரண்டு வண்டி அகப்பட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டீசல், ஓமலூரில் ஒரு பெட்ரோல். ஓமலூர் வண்டி நிறைய ஓடியது, பூந்தோட்டக்காரர் ஒருவருடையது. பெட்ரோல் என்று கேட்டதுமே அதை ஒதுக்கிவிட்டு மூன்று பேரும் நேராக ஃபேர்லேண்ட்ஸுக்குப் போனோம்.

அது ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியரின் வீடு. வெள்ளை ஜீப்பு, போர்டிகோவில் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார். துணியை விலக்கியதும் சென்னியப்பன் பானெட்டைத் தடவிப் பார்த்தார். வாங்கி நாலு வருஷம், ஓடினது பத்தாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. நான் அடியில் படுத்துப் பார்த்தேன், சேஸிஸில் ஒரு துளி துரு இல்லை. லோ கியர் வெண்ணெயாக விழுந்தது. இஞ்சினைக் கிளப்பினால் என் காதுக்குப் பிடித்த அந்தக் கடகட. சென்னியப்பன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். முடித்துவிடலாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

டாக்டர் அதுவரை வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். புதிதாக ஒரு மாட்டைப் பார்க்கும்போது நேற்று எங்கே மேய்ந்தது என்றுதான் ஆரம்பிப்பார், அதையே பேராசிரியரிடமும் கேட்டார்.

"நேத்து எங்கீங்க சார் போனீங்க, இதுல?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் கழித்து அந்த டீக்கடை பெஞ்சு கண் முன்னால் வந்து நின்றது.

"நேத்தா? பார்க்குக்கு வாக்கிங் போனேம்மா," என்றார் பேராசிரியர்.

"முந்தாநேத்துங்க?"

"அன்னிக்கும் பார்க்குதான். டெய்லி போவேன். நடந்தா பத்து நிமிஷம்."

வாக்கிங் போவதற்கு ஜீப்பில் போகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சென்னியப்பன் சிரிப்பை அடக்கத் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை, அடுத்ததைக் கேட்டார்.

"இதுக்கு ஏதாச்சும் சீக்கு வந்துச்சுங்களா?"

"சீக்கெல்லாம் இல்லம்மா. எப்பவாவது ஒரு மஞ்ச லைட் எரியும். ஷோரூம்ல விட்டா அணைச்சுக் குடுத்துருவாங்க. ஒரு நாலஞ்சு தடவ ஆயிருக்கும். அதனாலதான் நம்ம நாமக்கல் சம்பந்தி சொன்னபடி, எடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்ன இடத்துலயே இஞ்சின ஓட விடறேன். டீசல் இஞ்சின் ஓடிட்டே இருக்கணுமாமே."

எங்கள் ஊர் ஆள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ரிக்காரர்கள் சாப்பிடப் போனாலும் இஞ்சினை நிறுத்தமாட்டார்கள், அது அவர்களுக்கு ஒரு பழக்கம். பழைய இஞ்சினுக்கு அது ஒத்துவரும். புதிய புகை விதிக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்குழாய்க்குள் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். வண்டி நெடுந்தூரம் ஓடிக் குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து வெளியே போகும். பத்து நிமிஷம் நின்ற இடத்தில் உறுமி, நாலு நிமிஷம் ஓடி, மறுபடி போர்வைக்குள் போகிற வண்டிக்கு அது அடைத்துக்கொண்டே வரும். அந்த மஞ்சள் விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. குறைச்சலாக ஓடின பெட்ரோல் வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், குறைச்சலாக ஓடின டீசல் வண்டியைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அந்தப் பளபளப்பிலும் அந்தச் சத்தத்திலும் மறந்துபோயிருந்தேன்.

அதைவிட ஒரு சங்கடம் இருந்தது. டாக்டரிடம் அதே கேள்வியை நான் கேட்கவே இல்லை. ஜீப்பு வாங்க வருகிறவர்களிடம் எங்கே போவீர்கள் என்று கேட்டால் கொல்லிமலை என்பார்கள், ஏற்காடு என்பார்கள், லடாக்வரைக்கும் போகிறவர்களும் உண்டு. நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும். கேட்டேன்.

"நேத்துங்ணா? ஊட்ல இருந்து மூணு கிலோமீட்டர்ல ஒரு மாடு. அங்கிருந்து ஒண்ணரை கிலோமீட்டர்ல ரெண்டு ஆடு. அப்புறம் வாய்க்கா மேட்டுல ஊசி போடறதுக்கு ஒரு எட்டு எடம். மத்தியானம் ஊட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு மறுக்கா ஆறு எடம்."

அவர் சொல்லச் சொல்ல என் முகம் சுருங்கியது. நாள் முழுக்க அவர் ஓடுகிறார், ஒரு தடவைகூட இஞ்சின் சூடாகிற தூரம் ஓடவில்லை. இந்த வண்டி என்று இல்லை, எந்தப் புது டீசலை எடுத்துக் கொடுத்தாலும் ஆறு மாசத்தில் மஞ்சள் விளக்கு எரியும். அது எரிகிற நாள் மழை நாளாக இருந்தால் அவர் மறுபடி சேற்றில் நிற்பார். நான்தான் அவரை அங்கே நிறுத்தியிருப்பேன்.

இதைச் சென்னியப்பனிடம் சொல்ல வேண்டுமே. ரிக்காரர்கள் வட்டாரத்தில் எனக்கு வேலை வந்துகொண்டிருந்ததே அவர் வாயால்தான். காலையில் வரும்போது காரில் டீசலைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தவனும் நானேதான். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிறகு டாக்டரின் விரல் நகம் ஞாபகம் வந்தது. பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, தெருவில் நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"காலைல டீசல்னு சொன்னது தப்புங்க. டாக்டரம்மா ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் ஒத்து வரும்."

சென்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, வெய்யில்ல தல கிறுகிறுங்குதுங்களா? ரெண்டு ரிக்கு வெச்சிருக்கறவன் ஊட்டு வாசல்ல பெட்ரோல் ஜீப்பு நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நெம்பத்தான் குடிக்கும், அதையும் சொல்லிப்புடறேன்," என்றேன். குறையை மறைத்து விற்கக் கூடாது பாருங்கள்.

"குடிகார வண்டி வேற," என்றார் அவர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "மாமா, உங்க ரிக்கு ஒரே எடத்துல நின்னு நாள் பூரா ஓடுது. நான் நாள் பூரா நின்னு நின்னு ஓடோணும். ரெண்டு பேருக்கும் ஒரே தீனி எப்படிங்க மாமா போடறது? எருமைக்கும் ஆட்டுக்கும் நான் ஒண்ணா மருந்து குடுக்கறேன்?"

நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.  கடைசியில், "சரி அம்மணி. ஓட்டறவ நீ. ஆனா பெட்ரோலுன்னு நாமளா யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்," என்றார்.

ஓமலூர் வண்டியைப் பார்த்தோம். பூந்தோட்டக்காரர் அதில் தினமும் தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வந்திருந்தார். பெயின்ட்டில் கீறல், சீட்டில் கிழிசல், வண்டி முழுக்கச் சாமந்தி வாசம். நேற்று எங்கே போனீர்கள் என்று இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு கேட்டேன். தண்ணீர் பாய்ச்சிய வயலில் இறக்கி ஏற்றிக் காட்டச் சொன்னேன். சத்தமே போடாமல் ஏறி வந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் கொஞ்சம் கௌரவமாக ஓய்வு பெற்றிருப்பேன்.

ஐப்பசி பிறந்து நல்ல மழை. வண்டி கைக்கு வந்து பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று காலை, மூன்று பேரும் அதில் நாமக்கல் ரோட்டில் இருந்த பெட்ரோல் பங்குக்குப் போனோம். முதல் தடவை தன் கையால்தான் நிரப்பிக் கொடுப்பேன் என்று சென்னியப்பன் ஆசைப்பட்டார். டாக்டருக்குப் போன் வந்தது. பம்பு பக்கத்தில் போன் பேசக்கூடாது என்று அவர் காற்றடிக்கிற இடத்துக்கு ஒதுங்கிப் போனார். சென்னியப்பன் கம்பீரமாக இறங்கி நின்று, வாழ்நாள் பழக்கத்தில், "டீசலு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். டீசல் என்ற சொல் என் காதில் சரியாகவே விழுந்தது. ஜீப்புக்கு டீசல், அதில் தப்பு என்ன இருக்கிறது? பங்குக்காரரும் எங்கள் ஊர்க்காரர்தான், அவரும் மறுகேள்வி கேட்கவில்லை. குழாயின் மூக்கு டேங்க் வாய்க்குள் நுழையவில்லை. பெட்ரோல் வண்டிக்கு வாயைச் சிறியதாக வைப்பதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

"வாய் சிறுசா இருக்குதுங்க," என்றார் பங்குக்காரர்.

"பொனல் இருந்தா வெச்சு ஊத்துங்க," என்றேன் நான்.

ஆமாம், நான்தான் சொன்னேன். வண்டி வேண்டாம் வேண்டாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டது, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதுபோல் புனல் வைத்துப் புகட்டினோம். பதினைந்து லிட்டர் போயிருக்கும். டாக்டர் ஓடி வந்தார்.

"பாவாயி அக்கா மாட்டுக்கு நோவு எடுத்திருச்சு மாமா. கன்னோட காலு ஒண்ணுதான் வெளிய தெரியுதாம். போலாம்."

அவர் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியை நுழைத்தார். திருப்பவில்லை. மூக்கைச் சுளித்தார்.

"ஏனுங்ணா, டீசல் வாசம் அடிக்குதே?"

அந்த வாசத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது வாசமாகவே தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சாவிய உருவிருங்க டாக்டரம்மா. திருப்பாதீங்க," என்றேன். திருப்பியிருந்தால் பம்பு அந்த டீசலை இஞ்சின்வரைக்கும் இழுத்திருக்கும். அப்புறம் அன்றைக்கு முழுக்க அந்த வண்டி நகர்ந்திருக்காது.

ஒரு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த நேரம் வந்துவிட்டது. அதே தோட்டம், அதே அம்மா, அதே மழை. ஜீப்பு இருக்கிறது, எங்கள் புண்ணியத்தில் ஓடாது. அவர் எங்களைத் திட்டவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்து, "எத்தன நேரமாகும்?" என்று கேட்டார்.

நம் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, "இதோ அஞ்சு நிமிஷம்." வாயில் வந்தும்விட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"முக்கா மணி நேரம். ஒரு நிமிஷம் கொறையாது."

அந்த நேர்மையான பதில்தான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம். அவர் ஒரு நொடி யோசித்தார். தோள்பையை மட்டும் எடுத்துக்கொண்டார். "மடங்கிக் கெடக்கற காலக் கையில எடுத்துத் திருப்பிப்புடலாம், அதுக்கு நான் போய்ச் சேர்ந்தாப் போதும். ஆனா கன்னு விழுந்ததும் மாடு படுத்துக்கும், அதுக்கு ட்ரிப் ஏத்தோணும். பாட்டில் பெட்டியத் தூக்கிட்டு அந்தச் சேத்துல நடக்க முடியாது. நீங்க பெட்டியோட வண்டில வாங்க." பங்குக்காரரின் மொபெட்டை வாங்கிக்கொண்டு, சேறு தொடங்கும் இடம்வரை போய் அங்கிருந்து நடப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். சென்னியப்பனும் பூஜைக்குக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு என் பக்கத்தில் மல்லாந்து படுத்துக் கேனைப் பிடித்தார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி டீசலை வடித்தோம். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அலசி அதையும் வடித்தோம்.

"போதும் மேஸ்திரி, கெளப்புங்க," என்றார் அவர். 

"இன்னொருக்கா அலசோணுமுங்க."

"அங்க மாடு கெடக்குது."

"நடுச்சேத்துல நின்னுபோச்சுன்னா என்ன பண்றதுங்க? பத்து நிமிஷம் போனாப் போகட்டும். நிக்காத போகோணும்."

அவர் என்னைப் பார்த்தார். கேனை மறுபடி அடியில் நகர்த்தி வைத்தார். இரண்டாவது தடவையும் அலசினோம். பிறகு நானே பெட்ரோல் என்று மூன்று தடவை சத்தமாகச் சொல்லி ஊற்றச் சொன்னேன். சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை, அப்புறம் அதன் வழக்கமான அமைதி. அந்த அமைதி எனக்கு அன்றைக்குப் பிடித்திருந்தது.

வாய்க்காலைத் தாண்டியதும் தடம் குளமாக இருந்தது. ஓரத்தில் மொபெட் நின்றது. லோ கியரைப் போட்டு இறக்கினேன். சேறு கதவுவரைக்கும் அடித்தது. சென்னியப்பன் பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போ சாமி, போ சாமி" என்று வண்டியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

நாங்கள் போனபோது கன்று வெளியே வந்து ஈர வைக்கோலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மாடு கழுத்தைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. டாக்டர் முழங்கைவரை ரத்தமும் சேறுமாக உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டினார், சென்னியப்பன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பாவாயி மாட்டின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது மாடு மூச்சை ஊதிக்கொண்டு எழுந்து நின்றது. பாவாயி அப்போதுதான் அழுதார். டாக்டரும் அழுதார். மழை பெய்ததால் நான் தப்பித்தேன்.

பாவாயி டீ வைத்துக் கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்ட டாக்டர், "போன வருஷமும் இதே டம்ளர்தான்," என்று சொல்லிவிட்டு முழுசாகக் குடித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீசலுங்களா?" என்று கேட்டார். நான் சென்னியப்பனைப் பார்த்தேன். வேட்டி எது, சேறு எது என்று தெரியாமல் நின்றிருந்தவர், தொண்டையைச் செருமினார்.

"பெட்ரோலுங்க," என்றார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

அடுத்த வாரம் ரிக்குக்குப் பெயர் எழுதும் பெயின்டர் ஒருவரை என் மூலமாக வரவழைத்து, டேங்க் மூடியின் மேல் பெட்ரோல் என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுத வைத்துவிட்டார். டாக்டர் தீவனக் கம்பெனிக்குப் போகவில்லை. இன்றைக்கும் அந்த வண்டிதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் ஒரு வார்த்தைப் பதில் கிடையாது, மூன்று வார்த்தைக் கேள்விதான் இருக்கிறது. தினமும் பெங்களூர் போய் வருகிறவர் வந்தால் தாராளமாக டீசல் சொல்லுங்கள், டிரெய்லர் இழுக்கிறவருக்கும் சொல்லுங்கள். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி யாரிடம் கேட்டாலும் வேலை செய்யும் என்பது எனக்குப் போன மாசம் மறுபடி உறுதியானது. சென்னியப்பன் ரிக் தொழிலை மகனிடம் விட்டுவிட்டார். தனக்கென்று ஒரு ஜீப்பு வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தார். கண்டிப்பாக டீசல், பிறகு பேச்சை மாற்றக்கூடாது என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

"ஆகட்டுங்க," என்றேன். "நேத்து எங்கீங்க போனீங்க?"

"நேத்துங்களா? ஊட்ல இருந்து டீக்கடைக்குப் போனனுங்க."

"முந்தாநேத்துங்க?"

அவர் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டேங்க் மூடில எழுதுன அந்தப் பெயின்டர் நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார்.